மந்த காலமும் மன்மத வியாபாரமும்

2009-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், அமெரிக்காவின் பெரிய வங்கிகளும் மோட்டார் உற்பத்தி ஸ்தாபனங்களும் வாஷிங்டன் வாசலில் கையேந்தி நின்றுகொண்டிருந்த சமயத்தில், அந்த வரிசையின் கடைசியில் யாரும் எதிர்பாராத இருவர் வந்து சேர்ந்துகொண்டார்கள். ஒருவர் ‘ஹஸ்லர்’ என்னும் ஆபாசப் பத்திரிகையின் அதிபர் லாரி ஃப்ளின்ட். மற்றவர் அதே ரகத்து வீடியோப் படங்களை விற்றுப் பணம் சேர்த்த ஜோ ஃபிரான்சிஸ். தங்கள் தொழிலும் மந்தத்தால் நலிவுற்றிருப்பதாகவும், அதைத் தூக்கி நிறுத்த 500 கோடி டாலர் சகாயம் வேண்டுமென்றும் அவர்கள் அமெரிக்கக் காங்கிரஸுக்கு விண்ணப்பித்துக்கொண்டதைப் பத்திரிகைகள் ஒரு விளம்பர வேடிக்கையாகக் கருதிச் சிரித்துவிட்டு மறந்துவிட்டன. பெரும்பாலும் அது வேடிக்கைதான். ஆயினும், எந்தத் தொழிலுக்கு மந்தமே கிடையாது என்று பங்குச் சந்தையில் பழுத்த அனுபவஸ்தர்கள்கூட நெடுங்காலமாகச் சொல்லிவந்தார்களோ, அந்தத் தொழிலின் பெயராலேயே இப்படியொரு மனு எழுந்தது சற்று யோசிக்கத்தக்க விஷயம்.

அவர்கள் சொல்லிவந்த சித்தாந்தம் மிகவும் எளிது. வேலையிழப்பும் கடன் தொல்லையும் நாடெங்கும் பரவும்போது மனிதன் புது மோட்டார் வாங்குவதை ஒத்திப்போடுவான். வீட்டுக்கு வெள்ளையடிப்பதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளுவான். பெண்ணின் கல்யாணத்தில்கூடப் பந்திச் செலவைச் சுருக்குவான். ஆனால் மது, புகையிலை, சூது, காமம் ஆகிய நான்கில் மட்டும் அவன் கை சுருங்காது, கவலை மிகுந்தால் அந்தச் செலவு கூடவும் கூடும். ஆகையால் இவற்றை விற்கும் கம்பெனிகளின் பங்குகளை வாங்கி வைத்திருப்பவன் மந்த காலத்தில் நிம்மதியாகத் தூங்கலாம் என்பதே அதன் சாரம். இத்தகைய பங்குகளுக்குப் ‘பாவப் பங்குகள்’ என்று அங்கே செல்லப் பெயரும் உண்டு. 2002-இல் ‘வைஸ் ஃபண்ட்’, அதாவது துர்க்குண நிதி என்றே வெட்கமில்லாமல் பெயர் சூட்டிக்கொண்டு ஒரு மியூச்சுவல் ஃபண்டும் தோன்றிற்று. அது முதலீடு செய்த பிரதான துறைகளும் நான்குதான்: மது, புகையிலை, சூது, நான்காவது இடத்தில் காமத்தைக் காணோம், ஆயுத உற்பத்தி அமர்ந்திருந்தது. பாவத்தையே பிழைப்பாகக் கொண்டவர்களும் இந்த ஒரு பாவத்தைப் பிரதானமாக ஏற்கவில்லை. அதுவாவது மந்தத்தைத் தாங்கிற்றா என்றால், 2008-இல் அமெரிக்காவின் 500 பெரிய கம்பெனிகளின் குறியீட்டில் பணம் போட்டவர்கள் ஈவுத்தொகையையும் சேர்த்துக் கணக்கிட்டு 37 சதவீதம் இழந்தார்கள். இந்த நிதியில் போட்டவர்கள் அதற்கும் சற்று மேலாகவே இழந்தார்கள்.

பாவப் பங்குகள் லாபம் தரும் என்பதற்கு ஆராய்ச்சிச் சான்றே கிடையாதா என்று கேட்கலாம். உண்டு. ஹாரிசன் ஹாங், மார்சின் காபர்சிக் என்னும் இரு பொருளாதாரப் பேராசிரியர்கள் 2009-இல் வெளியிட்ட கட்டுரையொன்று இத்துறையில் மிகவும் பிரசித்தம். பென்ஷன் நிதிகள், பல்கலைக்கழக அறக்கட்டளைகள், மத ஸ்தாபனங்கள் போன்றவை உலகத்தார் பழிக்கு அஞ்சி இத்தகைய பங்குகளைத் தொடாமல் ஒதுங்குவதால், அவற்றின் விலை சம்பாத்தியத்துக்கு ஏற்ற அளவு ஏறாமல் தாழ்ந்தே கிடக்கிறது என்றும், பழியைப் பொருட்படுத்தாமல் வாங்கியவர்களுக்கு அதனாலேயே காலப்போக்கில் மற்றவர்களைவிட அதிக ஆதாயம் கிடைத்திருக்கிறது என்றும் அவர்கள் காட்டினார்கள். இந்த முடிவைத்தான் பலரும் எடுத்துக்கொண்டு காம வியாபாரத்துக்கும் சேர்த்து ஒட்டவைத்துப் பேசுகிறார்கள். ஆனால் அப்பேராசிரியர்கள் எண்ணிப் பார்த்த தொழில்கள் மது, புகையிலை, சூது என்னும் மூன்றே. ‘வயது வந்தோருக்கான கேளிக்கை’ என்று நாசூக்காகப் பெயரிடப்பட்டிருக்கும் தொழில் (வயது வந்தவர்கள் ரசிக்கும் சங்கீதக் கச்சேரியும் கதாகாலட்சேபமும் அந்தப் பெயரில் அடங்கா என்பது வேறு சங்கதி) அந்த ஆராய்ச்சியின் கணக்கில் சேரவே இல்லை.

அந்தத் தொழிலில் பங்குச் சந்தையைப் பொறுத்தவரை முதற்பெயர் ‘பிளேபாய்’. 1953-இல் சிகாகோ நகரில் ஹ்யூ ஹெஃப்னர் தொடங்கிய இப்பத்திரிகையின் கம்பெனி, 1971 நவம்பரில் பங்கொன்றுக்கு 23.50 டாலர் விலையில் பொதுமக்களிடம் வந்தபோது, அதன் பங்குப் பத்திரத்திலேயே ஆடையற்ற பெண்ணொருத்தி ஒயிலாகச் சாய்ந்து படுத்திருக்கும் சித்திரத்தை அச்சிட்டிருந்தார்கள். கம்பெனியின் வரவு செலவைப் பற்றி யாதொரு அக்கறையும் இல்லாமல், அந்தக் காகிதத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவதற்கென்றே ஒரேயொரு பங்கு வாங்கியவர்கள் பலர். மறுவருஷம் நவம்பர் இதழ் 70 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. அதுவே சிகரம், அதற்குப் பின் விற்பனை ஒருபோதும் அந்த உயரத்தை எட்டவில்லை.

2007 டிசம்பர் முதல் 2009 ஜூன் வரை நீடித்ததாகப் பின்னர் கணிக்கப்பட்ட அந்தப் பெருமந்தம் வந்தபோது இந்தக் கம்பெனி என்ன ஆயிற்று? 2008-இன் தொடக்கத்தில் ஒன்பது டாலர் அளவில் இருந்த பங்கு, 2009 மார்ச்சில் இரண்டு டாலருக்கும் கீழே இறங்கிவிட்டது. 2008-ஆம் ஆண்டுக் கணக்கில் 15 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் எழுதப்பட்டது. அதில் பெரும்பகுதி, முன்பு வாங்கிக் குவித்த உடைமைகளின் மதிப்பைக் குறைத்து எழுதியதால் வந்தது. ஏறக்குறைய இருபது ஆண்டுகள் தலைமை நிர்வாகியாக இருந்த ஹெஃப்னரின் புதல்வி கிறிஸ்டி பதவியைத் துறந்தார். காமம் மந்தத்துக்கு அஞ்சாது என்பது ஒருவேளை உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பத்திரிகையில் பக்கம் வாங்கும் மோட்டார் கம்பெனியும் மதுபானக் கம்பெனியும் மந்தத்துக்கு அஞ்சுகின்றனவே! பிளேபாயின் வருமானத்தில் கணிசமான பங்கு விளம்பரத்தால் வந்தது. வாசகனின் ஆசை குறையாவிட்டாலும் விளம்பரதாரரின் பட்ஜெட் குறைந்துவிட்டால் நஷ்டம் நஷ்டம்தான்.

மந்தத்தை மட்டும் குறை சொல்வதும் நியாயமாகாது. மந்தம் தொடங்குவதற்குச் சற்று முன்னே, 2006-இல் ‘யூபோர்ன்’, 2007-இல் ‘போர்ன்ஹப்’ என்று, காசில்லாமல் யாரும் பார்க்கக்கூடிய இணையதளங்கள் தோன்றிவிட்டன. இங்கேதான் புகையிலைக்கும் இந்தத் தொழிலுக்கும் உள்ள மூல பேதத்தைக் கவனிக்க வேண்டும். சிகரெட் புகைத்தால் தீர்ந்துபோகும். மறுநாள் மறுபடியும் காசு கொடுத்தாக வேண்டும். அதைக் கம்பியில்லா மார்க்கத்தில் பிரதியெடுத்து அண்டை வீட்டானுக்கு அனுப்ப இயலாது. மேலும் சர்க்கார் விளம்பரத்தைத் தடுத்தும் வரியை ஏற்றியும் புகையிலையை அடக்க அடக்க, புதிதாக ஒருவன் அந்த வியாபாரத்தில் புக முடியாமற் போய், பழைய கம்பெனிகளே தங்கள் இடத்தில் பத்திரமாக உட்கார்ந்திருக்கின்றன. படமோ ஒரு தடவை எடுத்துவிட்டால் கோடி தடவை நகலாகும். நகலுக்குச் செலவு ஏறக்குறைய சூன்யம். நகலெடுப்பவனைத் துரத்திக்கொண்டு கோர்ட்டுக்குப் போக இந்தத் தொழில்காரர்களுக்குச் சமூக அனுதாபமும் கிடையாது. இலவசமாக ஓடும் ஆற்றங்கரையில் தண்ணீர்ப் பந்தலுக்குக் கட்டணம் கேட்பவனின் நிலைதான் இவர்களுடையது. தாகம் குறையவில்லை என்பதில் அவனுக்கு என்ன ஆறுதல்?

ஜெர்மனியின் பேயாட்டே ஊஸே கம்பெனியின் சரித்திரம் இதை இன்னும் தெளிவாகக் காட்டும். தனிக்கதையாகச் சொல்லத் தக்க சரித்திரமும்கூட. 1919-இல் பிறந்த இந்த அம்மையார் யுத்த காலத்தில் விமானம் ஓட்டியவர். யுத்தம் தோற்று, விமானம் ஓட்டும் வழியும் அடைபட்டபின், பசியும் இடிபாடுமாகக் கிடந்த அந்த நாட்டில், இப்போது குழந்தை பிறந்தால் எப்படி வளர்ப்பது என்று தவித்த பெண்களுக்கு, கருத்தரிக்கக்கூடிய நாட்களையும் கூடாத நாட்களையும் கணக்கிடும் முறையை விளக்கி 1946-இல் ஒரு சிறு பிரசுரம் அச்சிட்டு விற்றார். அதிலிருந்து தபால் வியாபாரமும், 1962-இல் ஃபிளென்ஸ்பர்க் நகரில் தாம்பத்திய சுகாதாரத்தின் பெயரால் ஒரு கடையும் கிளைத்தன. உலகத்தின் முதல் காமப்பொருள் அங்காடி என்று அதைச் சொல்லுவார்கள். 1999 மே மாதத்தில் அவருடைய கம்பெனி ஃபிராங்க்ஃபர்ட் சந்தையில் 7.20 யூரோ விலைக்குப் பங்குகளை வெளியிட்டபோது ஜனங்கள் முண்டியடித்துக்கொண்டு வாங்கினார்கள். வெகு விரைவில் விலை இருமடங்குக்கும் மேலே சென்றது. அம்மையார் 2001-இல் காலமானார். கம்பெனி 2017 டிசம்பரில் திவால் மனு கொடுத்தது. அந்த வருஷம் ஜெர்மனியில் மந்தம் ஏதும் இல்லை. பொருளாதாரம் செழிப்பாகவே வளர்ந்துகொண்டிருந்தது. கடை வாடகையும் சிப்பந்திச் சம்பளமும் கொடுத்து விற்ற சரக்கை, வீட்டிலிருந்தபடியே யாருக்கும் முகம் காட்டாமல் கம்ப்யூட்டரில் வாங்கவும், படத்தை இலவசமாகப் பார்க்கவும் வழி பிறந்ததுதான் அதன் முடிவுக்குக் காரணம்.

கடன் என்னும் மற்றொரு சத்துருவைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘பென்ட்ஹவுஸ்’ பத்திரிகையின் கம்பெனி 2007-இன் கடைசியில் சுமார் 50 கோடி டாலருக்கு ஓர் இணைய நிறுவனத்தைக் கடன்பட்டு விலைக்கு வாங்கி, ‘ஃப்ரெண்ட்ஃபைண்டர்’ என்று பெயர் மாற்றிக்கொண்டு, பங்கு விற்று 46 கோடி டாலர் திரட்டப் போவதாக 2008 டிசம்பரில் அறிவித்தது. அந்த நேரத்தில் அதை வாங்க ஆள் இல்லை. 2011 மே மாதத்தில் ஒருவாறு பங்கை வெளியிட்டுத் திரட்டியது 5 கோடி மட்டுமே. 2013 செப்டம்பரில் திவால்.

இவற்றுக்கெல்லாம் விலக்காகச் சொல்லக்கூடிய கம்பெனி ஒன்றும் இல்லாமற் போகவில்லை. டெக்ஸாஸ் மாநிலத்து ஹூஸ்டனில் 1983-இல் தோன்றி, 1995-இல் நாஸ்டாக் சந்தையில் இடம்பெற்ற ‘ரிக்ஸ் காபரே’, பெண்கள் ஆடை களைந்து நடனமாடும் விடுதிகளை நடத்துவது. இத்தகைய விடுதிக்குப் புதிதாக லைசென்ஸ் கொடுக்க அமெரிக்க நகரசபைகள் சுலபத்தில் சம்மதிப்பதில்லையாதலால், ஏற்கெனவே லைசென்ஸ் உள்ள விடுதி ஒவ்வொன்றும் ஒரு சிறு ஏகபோகம். அதை இன்னொருவர் எதிரே வந்து கடை திறந்து கெடுக்க முடியாது. நடனத்தை நகலெடுத்து அனுப்பவும் முடியாது. ஊரார் கூசும் தொழிலாதலால் விடுதியை விற்க விரும்புகிறவருக்கு வாங்குவோர் அதிகம் கிடைப்பதில்லை. இந்தக் கம்பெனி அவற்றை மலிவாக வாங்கிச் சேர்த்தது. புகையிலையைப் பற்றிச் சொன்ன லக்ஷணங்கள் பலவும் இதற்குப் பொருந்துவதை வாசகர்கள் கவனித்திருப்பார்கள். அப்படியிருந்தும், 2007-இல் இருபது டாலருக்கு மேல் ஏறியிருந்த அதன் பங்கு, 2008-இன் முடிவில் நான்கு டாலர் அளவுக்கு வந்து நின்றது. விடுதிகள் மூடப்படவில்லை, புதிதாக வாங்கிய விடுதிகளால் மொத்த வரவு கூடிற்று என்றே சொல்ல வேண்டும். தொழில் நடந்துகொண்டிருக்க, பங்கு மட்டும் விழுந்தது. அந்த ஆண்டில் கையில் பணம் வேண்டியிருந்தவர்கள் நல்லது கெட்டது பார்க்காமல் சிறிய கம்பெனிப் பங்குகளை விற்றுத் தள்ளினார்கள் என்பதும், முந்தைய ஆண்டில் ஏற்றிய விலையிலேயே பேராசை நிறையக் கலந்திருந்தது என்பதும் அதற்குக் காரணங்கள். 2020-இல் கொள்ளைநோய் காரணமாக விடுதிகளை உத்தரவு போட்டே மூடியபோது, ஆர்.சி.ஐ. என்று பெயர் மாறியிருந்த இதே கம்பெனியின் பங்கு பத்து டாலருக்கும் கீழே போய், அடுத்த ஆண்டு இறுதியில் எண்பதைத் தாண்டி ஏறிற்று. மந்தத்துக்கு அசையாத பங்கு என்று இதை எந்த அகராதியைக் கொண்டு சொல்லுவது?

சரி, காமத்துக்காக மனிதர்கள் செலவிடும் பணம் எங்கேதான் போகிறது? பங்குச் சந்தைக்கு வராத இடங்களுக்குப் போகிறது. லண்டனில் 2016-இல் தொடங்கிய ‘ஒன்லிஃபேன்ஸ்’ என்னும் இணையதளத்தின் மூலம் 2023 கணக்காண்டில் ஜனங்கள் செலவிட்டது 660 கோடி டாலர்; அதன் சொந்தக்காரர் ஒருவர் மட்டும் அந்த ஆண்டில் ஈவாக எடுத்துக்கொண்டது 47 கோடி டாலருக்கு மேல். போர்ன்ஹப்பும் தனியார் உடைமையே. நல்ல பசுவை யாரும் சந்தைக்கு ஓட்டி வருவதில்லை. அந்தப் பசுக்களின் கழுத்துக் கயிறும் பிறர் கையில் இருக்கிறது: 2020 டிசம்பரில் சம்மதமில்லாத காட்சிகளும் சிறார் சம்பந்தப்பட்ட காட்சிகளும் போர்ன்ஹப்பில் இருப்பதாகக் கண்டனம் எழுந்தவுடன் விசாவும் மாஸ்டர்கார்டும் அதற்குப் பணம் வாங்கித் தருவதை நிறுத்தின, 2021 ஆகஸ்டில் வங்கிகளின் நெருக்கடியால் ஒன்லிஃபேன்ஸ் அப்பட்டமான காட்சிகளைத் தடை செய்யப் போவதாக அறிவித்து, ஒரு வாரத்துக்குள் அதை வாபஸ் பெற்றது. ஒரு கார்டு கம்பெனியின் கடிதம் நிறுத்திவிடக்கூடிய வருமானத்தை ஸ்திரமான வருமானம் என்று மதிப்பிட எனக்குத் துணிவில்லை.

பிளேபாயின் கதைக்கு ஒரு பின்னுரையும் இருக்கிறது. வாக்குரிமையுள்ள பங்குகளில் பெரும்பான்மையைத் தம் கையிலேயே வைத்திருந்த ஹெஃப்னர், 2011-இல் பங்கொன்றுக்கு 6.15 டாலர் கொடுத்துக் கம்பெனியைச் சந்தையிலிருந்து மீட்டுக்கொண்டார். எல்லாரும் கைவிட்ட 2009 மார்ச்சில் வாங்கியவர் யாராவது இருந்தால், இரண்டே வருஷத்தில் மும்மடங்குக்கு மேல் பார்த்திருப்பார். ஆனால் அன்று சந்தை முழுவதுமே தரையில் கிடந்தது, மோட்டார்க் கம்பெனியையும் துணிக்கடையையும் வாங்கியவர்களிலும் அப்படிப் பார்த்தவர்கள் உண்டு. 2021-இல் தன் பழைய முயல் சின்னத்துடன் மறுபடியும் சந்தைக்கு வந்த பங்கு, ஐம்பது டாலருக்கு மேல் ஏறி, 2023-இல் இரண்டு டாலருக்குக் கீழே இறங்கியது. இடையில் அமெரிக்காவில் மந்தம் எதுவும் அறிவிக்கப்படவில்லை.

நம் ஊர்ச் சந்தைகளில் இத்தகைய கம்பெனி பட்டியலாவதற்குச் சட்டம் இடம் தராது. ஆயினும் வெளிநாட்டுப் பங்குகளை வாங்க, ரிசர்வ் வங்கியின் திட்டப்படி ஒருவர் ஆண்டொன்றுக்கு 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். அதில் நியூயார்க்கில் விற்கும் எந்தப் பங்கையும் வாங்கிக்கொள்ளத் தடையில்லை. அதே திட்டத்தில், எந்தெந்தக் காரியத்துக்குப் பணம் அனுப்பக்கூடாது என்று ஒரு பட்டியலும் உண்டு. லாட்டரிச் சீட்டுக்குப் பக்கத்திலேயே, தடைசெய்யப்பட்ட பத்திரிகைகள் என்றும் அதில் எழுதியிருக்கிறது.