யாரும் பார்க்காத தாவல்

அய்யலூர் வட்டாரத் தோட்டக் கிணறுகளில் நீச்சல் பழகும் பையன்கள் எடுத்த எடுப்பில் மேலிருந்து குதிப்பதில்லை. முதுகில் கேனைக் கட்டிக்கொண்டு, தண்ணீரை ஒட்டிய படியிலிருந்துதான் தொடக்கம். பிறகு கேன் போகும். நடுப்படி, கிணற்று மேடு என்று உயரம் கூடிக்கொண்டே வந்து, கடைசியில் மோட்டார் ரூம் கூரையில் ஏறி நிற்பார்கள். பெயர் தெரியாமலே இவர்கள் பழகுவது பார்க்கூரில் பாதி.

மீதிப் பாதி தரையில் நடப்பது. ஓடி, தாவி, ஏறி, உருண்டு, எதிரே இருக்கும் சுவரையும் கம்பியையும் கருவி எதுவுமின்றிக் கடப்பது. 2006-ல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படம் ‘கேசினோ ராயல்’ தொடக்கத்தில் கிரேன் மேல் ஏறித் தப்பி ஓடும் ஆள் நினைவிருக்கலாம். அவர் செபாஸ்டியன் ஃபூக்கான். இந்தக் கலையை வளர்த்த முதல் கூட்டத்தில் ஒருவர்.

அந்தக் கூட்டத்துக்கும் முன்னால், தனியாகப் பழகிய ஒரு சிறுவன் இருந்தான். ரேமோன் பெல் 1939-ல் வியட்நாமில் பிறந்தவர். தந்தை பிரெஞ்சுக்காரர், தாய் வியட்நாமியர். சிறுவயதிலேயே பெற்றோரைப் பிரிந்து, தலாட் நகரத்து ராணுவப் பள்ளியில் விடப்பட்டார். மற்ற பிள்ளைகள் தூங்கிய பிறகு எழுந்துபோய், தடைப் பயிற்சித் திடலில் தனியாக ஓடுவார், தாவுவார், மரம் ஏறுவார். கைதட்ட ஆள் இல்லை. யாரிடமும் அடிபடாமல் பிழைக்க வேண்டும் என்பதே நோக்கம். பின்னாளில் பாரிஸ் தீயணைப்புப் படையில் பேர் வாங்கினார். அவர் மகன் தவீத் பெல்தான் பாரிசுக்குத் தெற்கே லீஸ் என்ற சிற்றூரில் நண்பர்களோடு சேர்ந்து அந்தப் பயிற்சியைப் பார்க்கூராக வளர்த்தவர்.

ரேமோனைப் போலத் தனியாகப் பழகுவதில் ஒரு லாபம் உண்டு. கூட்டாளி பார்த்துக்கொண்டிருந்தால் வீம்பு வந்துவிடும். தனியே இருக்கும்போது ‘இன்றைக்கு வேண்டாம்’ என்று திரும்பி வருவதில் கௌரவக் குறைச்சல் இல்லை. ‘என்னால் முடியும்’ என்ற எண்ணம் நான்கு வழிகளில் வளர்வதாக உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-ல் எழுதினார். பிறர் தரும் ஊக்கமும் அவற்றில் ஒன்று. ஆனால் எல்லாவற்றிலும் வலுவானது, தானே செய்து முடித்த அனுபவம். பார்க்கூரில் இதற்குச் சாட்சி தேவைப்படாது. கால் கோட்டில் நின்றதா, இல்லையா, அவ்வளவுதான்.

கோடு என்றால் நிஜமான கோடுதான். தரையில் சாக்பீஸால் இரண்டு கோடு போட்டு, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவி, அசையாமல் நிற்க வேண்டும். முன்பாதம் முதலில் பட, முழங்கால் மடங்க, சத்தமில்லாமல் இறங்கினால் சரி. ‘தொப்’பென்று கேட்டால் அந்த அதிர்வை மூட்டு வாங்கிக்கொண்டது என்று பொருள். இது தப்பாமல் வந்த பிறகே நடைபாதை விளிம்பு. மொட்டைமாடி இந்தக் கணக்கிலேயே சேராது.

தேனி மாவட்டத்தில் பிறந்து, கர்நாடகத்தின் சித்ரதுர்கா கோட்டைச் சுவரில் கயிறில்லாமல் ஏறிப் புகழ்பெற்ற ‘கோத்தி ராஜ்’ என்ற ஜோதிராஜ், குரங்குகளைப் பார்த்துக் கற்றவர். விழுந்து எலும்பு முறிந்ததும் உண்டு. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அய்யலூர்க் காட்டுத் தேவாங்கே மேல்: அது தாவவே தாவாது, அடுத்த கிளை கைக்கு வந்த பிறகுதான் இருக்கும் கிளையை விடும்.

தனியாகப் பழகுவதில் ஒரு சிக்கல், கால் பிசகினால் தூக்கிவிட ஆள் இல்லை. எங்கே போகிறோம் என்று வீட்டில் சொல்லிவிட்டு, கையில் போனோடு, கூப்பிட்டால் குரல் கேட்கும் இடமாகப் பார்த்துப் போவது நல்லது. பள்ளி மைதானம் என்றால் அனுமதி கேட்க வேண்டும். எந்தச் சுவரானாலும் முதலில் கையால் அழுத்திப் பார்க்க வேண்டும். பழைய சுவரில் மேல்வரிசைக் கல் ஆடும். வியாழக்கிழமை ஆட்டுச் சந்தை கூடும் நேரத்தில் மட்டும் அய்யலூர்ச் சாலையோரத்தை மறந்துவிடலாம். அன்றைக்கு அங்கே நிற்கவே இடமிருக்காது.