கிருமியைக் கொல்லும் மருந்தைக் கிருமியே செய்கிறது!

கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் சின்னமுட்டம் துறைமுகம். படகு வந்து நின்றதும் இறாலைக் கூடையில் அள்ளுகிறார்கள். பார்க்கிற நமக்கு முருங்கைக்காய் போட்ட இறால் குழம்புதான் நினைவுக்கு வரும்.

விஞ்ஞானிகளுக்கு வேறு நினைவு வந்தது.

ஒரு சொட்டுக் கடல் நீரில் ஆயிரக்கணக்கான பாக்டீரியாக் கிருமிகள் இருக்கின்றன. அந்தத் தண்ணீரிலேயே பிறந்து வளரும் இறால் எப்படிப் பிழைக்கிறது?

நமக்கு ஒரு முறை அம்மை வந்தால், உடம்பு அந்தக் கிருமியை நினைவில் வைத்துக்கொண்டு, மறுமுறை விரட்டிவிடும். இறாலுக்கு அந்த வசதி கிடையாது. அதன் ஆயுதங்களில் ஒன்று, சின்னஞ்சிறு புரதம். ‘பெப்டைடு’ என்பார்கள்.

இந்த வகைப் புரதங்களில் பெரும்பாலானவை காந்தம் போலக் கிருமியின் மேல்தோலில் ஒட்டிக்கொள்ளும். தோலைக் குலைத்து ஓட்டை போடும். உள்ளே இருப்பது கசியும். கிருமி சாகும்!

தவளை காட்டிய வழி

தவளையிடமும் இந்த ஆயுதம் உண்டு. அமெரிக்காவில் டாக்டர் மைக்கேல் சாஸ்லாப் தவளைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்து, அழுக்குத் தொட்டியில் விட்டார். புண் சீழ் பிடிக்கவில்லை. ஏன் என்று தேடினார். தவளைத் தோலில் இருந்த பெப்டைடுகளை 1987-ல் உலகுக்குச் சொன்னார்.

நம் பக்கத்துக் கொச்சிப் பல்கலைக்கழகத்திலும் ஆராய்ச்சி நடந்திருக்கிறது. நம் கடல் வெள்ளை இறாலில் உள்ள ‘கிரஸ்டின்’ என்ற புரதத்தை அங்கே ஆராய்ந்திருக்கிறார்கள்.

இதற்கு ஏன் இத்தனை பாடு? பழைய மருந்துகளுக்குப் பல கிருமிகள் இப்போது அடங்குவதில்லை. பெனிசிலினைக் கண்டுபிடித்த பிளெமிங், 1945-லேயே இதை எச்சரித்தார். இறால் பண்ணைக்காரர்களுக்கும் கவலைதான். குளோராம்பெனிகால் போன்ற மருந்துகளுக்கு அங்கே தடை. மருந்தின் மிச்சம் இறாலில் இருந்தால் வெளிநாட்டார் சரக்கைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அரிவாளும் பெட்டியும்

சரி, ஒரு சிட்டிகை மருந்துக்கு எத்தனை கூடை இறாலை அரைப்பது? கட்டுபடியாகுமா?

அதற்கு வேறு வழி இருக்கிறது. சர்க்கரை நோய்க்கான இன்சுலினை முன்பு பன்றி, மாட்டின் கணையத்திலிருந்து எடுத்தார்கள். 1978-ல் மனித இன்சுலினைப் பாக்டீரியாவைக் கொண்டே செய்தார்கள். 1982-ல் அமெரிக்க அரசு அதை விற்க அனுமதித்தது.

அதே வித்தைதான் இங்கும். புரதம் செய்வதற்கான குறிப்பு மரபணுவில் இருக்கிறது. அதைப் படியெடுத்து, ‘ஈ.கோலை’ என்ற பாக்டீரியாவுக்குள் புகுத்துகிறார்கள். நம் குடலில் வாழும் இனம்தான். சோதனைச்சாலையில் நோய் தராத வகையை வளர்க்கிறார்கள். நல்ல தீனி கிடைத்தால் 20 நிமிடத்தில் ஒன்று இரண்டாகும். 6 மணி நேரத்தில் ஒன்று இரண்டரை லட்சத்தைத் தாண்டும்!

ஆனால் ஒரு சிக்கல். செய்கிற பொருள் கிருமியைக் கொல்லும் பொருள். செய்கிறவனும் கிருமி. வேலை முடியுமுன் அவனே செத்துவிட மாட்டானா?

நம் ஊர்ப் பனையேறியைப் பாருங்கள். கூரான பாளை அரிவாளை வெறுமனே இடுப்பில் செருகுவதில்லை. பெட்டிக்குள் வைத்துத்தான் மரம் ஏறுகிறார். விஞ்ஞானிகளும் அப்படியே செய்கிறார்கள். பெப்டைடை வேறொரு பெரிய புரதத்தோடு ஒட்டியே செய்ய வைக்கிறார்கள். ஒட்டியிருக்கும்வரை அதன் கூர் பெரும்பாலும் மழுங்கியிருக்கும்.

பிறகு பாக்டீரியாவை உடைக்கிறார்கள். ஆயிரக்கணக்கான புரதங்கள் கலந்த குழம்பு அது! நமக்கு வேண்டியதை எப்படிப் பொறுக்குவது? அதற்கு முன்கூட்டியே ஒரு வால் வைத்திருக்கிறார்கள். நிக்கல் உலோகம் சேர்த்த குழாயில் குழம்பை ஊற்றினால், வால் உள்ளது ஒட்டிக்கொள்ளும், மற்றவற்றைக் கழுவிவிடலாம். ஒட்டியதைக் கழற்றி எடுத்து, கத்தரிக்கோல் போன்ற நொதியால் பெப்டைடைத் தனியே வெட்டுகிறார்கள். மீண்டும் சுத்தம் செய்கிறார்கள்.

இதில் அலட்சியம் கூடாது. ஈ.கோலையின் தோலில் ஒரு நச்சு உண்டு. அது மருந்தில் கொஞ்சம் தங்கி இரத்தத்தில் ஏறினாலும் காய்ச்சல் வரும். ஆபத்தும் நேரலாம்.

செலவும் குறைவில்லை. வெட்டும் நொதி விலை உயர்ந்தது. வாய்வழியே கொடுத்தால் பெப்டைடை வயிறு ஜீரணித்துவிடுகிறது. ஆகவே பல பெப்டைடுகள் இன்னும் சோதனைச்சாலையைத் தாண்டவில்லை.

வெட்டும் செலவை மிச்சப்படுத்த, தானாகவே கழன்றுகொள்ளும் உறைகளை இப்போது செய்து பார்க்கிறார்கள்.