தண்ணீர் எங்கே விழும்?

"அம்மா! நாளை மறுநாள் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானக் கண்காட்சி. ஏதாவது செய்து கொண்டு போக வேண்டும்!"

வீட்டில் ஐந்தாவது, ஆறாவது படிக்கும் குழந்தை இருந்தால் இந்தக் குரல் என்றாவது ஒரு நாள் உங்கள் காதில் விழுந்தே தீரும். உடனே கடைக்கு ஆள் ஓடும். வர்ணக் காகிதமும் பசையும் வரும். இரவு பன்னிரண்டு மணி வரை கண் விழித்து, நீங்களே ஓர் எரிமலையைக் கட்டி முடிப்பீர்கள். குழந்தை எப்போதோ தூங்கிப் போயிருக்கும். மறுநாள் பரிசு கிடைத்தால் அது யாருக்குச் சேர வேண்டும், சொல்லுங்கள்?

இந்தத் தடவை காலணாச் செலவில்லாத ஒரு பரிசோதனையைச் செய்து பார்க்கட்டுமே! வேண்டியதெல்லாம் செடிக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாய், உங்கள் தையல் டேப், குழந்தையின் பெட்டியிலுள்ள கோணமானி, ஒரு சாக்குக்கட்டி. கேள்வியும் சின்னதுதான். குழாயை எவ்வளவு சாய்த்துப் பிடித்தால் தண்ணீர் அதிக தூரம் போய் விழும்?

ஓர் அட்டையில் 15, 30, 45, 60, 75 பாகைகளுக்குக் கோடுகள் போட்டு, அதைத் தரையில் நிமிர்த்தி வையுங்கள். குழாய் முனையை ஓர் அடிக்கோலோடு சேர்த்துக் கட்டி, ஒவ்வொரு கோட்டின் மேலும் பொருத்தச் சொல்லுங்கள். முனை எப்போதும் தரையை ஒட்டியே இருக்க வேண்டும். குழாயை ஒரு தடவை திறந்தபின் திருகைத் தொடக் கூடாது. தண்ணீர் விழும் இடத்தைச் சாக்குக்கட்டியால் குறித்து டேப்பால் அளக்க வேண்டும். ஒவ்வொரு கோணத்துக்கும் மூன்று முறை அளந்து சராசரி எடுப்பது நல்லது. செடிகளுக்குப் பக்கத்திலேயே இதைச் செய்தால் தண்ணீரும் வீணாகாது.

விடை 45 பாகை. அதில் தண்ணீர் 200 சென்டிமீட்டர் போனால், கணக்குப்படி 30 பாகையில் 173 சென்டிமீட்டர் போகும். 60 பாகையிலும் அதே 173! 15-ம் 75-ம் இன்னொரு ஜோடி. இரண்டுக்கும் 100 சென்டிமீட்டர்தான். கூட்டினால் 90 வரும் இரண்டு கோணங்கள் ஒரே இடத்தில் தண்ணீரைக் கொண்டு போய்ச் சேர்க்கும். ஆனால் 60 பாகைத் தண்ணீர் 30 பாகைத் தண்ணீரைப் போல மூன்று மடங்கு உயரம் ஏறி இறங்கும்.

ஏன் இப்படி? தண்ணீருக்கு இரண்டு வேலைகள். அந்தரத்தில் நின்று தாக்குப் பிடிக்க வேண்டும். முன்னாலும் ஓட வேண்டும். மேலே ஏறுவதிலேயே வேகத்தைச் செலவழித்தால் ஓடுவதற்கு மிச்சமில்லை. ஓடுவதிலேயே செலவழித்தால் பூமி அதைச் சீக்கிரம் இழுத்துப் போட்டுவிடும். பத்தை இரண்டாகப் பிரித்துப் பெருக்கிப் பாருங்கள். 9-ம் 1-ம் என்றால் 9. 7-ம் 3-ம் என்றால் 21. 5-ம் 5-ம் என்றால் 25. சமமாகப் பிரித்தால்தான் பெருக்குத் தொகை பெரிதாகிறது. குழாய்க் கணக்கு அப்படியே இதுவல்ல. ஆனால் இதன் உடன்பிறந்தது.

இந்தக் கேள்வி பீரங்கிக்காரர்களுக்கும் எழுந்தது. இத்தாலியில் பிரேஷியா நகரத்தை 1512-ல் பிரெஞ்சுப் படை சூறையாடியபோது, நிக்கோலோ என்ற சிறுவனின் முகத்தை ஒரு சிப்பாயின் வாள் பிளந்தது. வைத்தியருக்குக் கொடுக்கப் பணமில்லை. அவன் தாயே காயத்தைச் சுத்தம் செய்து செய்து பிள்ளையைப் பிழைக்க வைத்தாள். பேச்சு மட்டும் திக்கிற்று. "திக்குவாயன்" என்று பொருள்படும் தர்த்தாலியா என்ற பெயரே அவருக்கு நிலைத்தது.

1531-ல் வெரோனாவில் ஒரு பீரங்கி வீரர் அவரிடம் இதே கேள்வியைக் கேட்டார். 45 பாகை என்றார் தர்த்தாலியா. பந்தயம் கட்டி, 30 பாகையிலும் சுட்டுப் பார்த்தார்கள். தர்த்தாலியா சொன்னதே ஜயித்தது. பிறகு, மனிதரை அழிக்கும் கலையை வளர்ப்பது பாவமென்று தோன்றி, எழுதியதையெல்லாம் எரித்துவிட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். துருக்கியப் படை வருமென்ற அச்சம் எழுந்த பின்பே, 1537-ல் அதைப் புத்தகமாக வெளியிட்டார்.

காரணத்தைக் கணித முறையில் நிரூபித்தவர் கலீலியோ. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற கருத்துக்காக 1633-ல் தண்டிக்கப்பட்டு, வீட்டுச் சிறையில் இருந்தபடியே எழுதினார். எறிந்த பொருள் செல்லும் பாதை பரவளைவு என்று காட்டிய அந்தப் புத்தகம் 1638-ல் ஹாலந்திலுள்ள லைடனில் அச்சாயிற்று. அதற்குள் அவருடைய கண் பார்வை போய்விட்டிருந்தது.

இனித்தான் உங்களுக்கு உண்மையான வேலை. குழந்தையின் அளவுகள் கணக்கோடு அப்படியே ஒத்துப் போகமாட்டா. "173 என்று எழுதி விடு, யாருக்குத் தெரியப் போகிறது?" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்! அந்த வித்தியாசத்தில்தான் விஷயமே இருக்கிறது. 30 பாகைத் தண்ணீர் 60 பாகைத் தண்ணீரை முந்தினால், குழாய் முனை தரைக்குச் சற்று மேலே இருந்ததா என்று பார்க்கச் சொல்லுங்கள். உயரத்திலிருந்து கிளம்பும் பொருளுக்கு 45-ஐ விடக் குறைந்த சாய்வே லாபம். குண்டு எறியும் வீராங்கனைகள் 4 கிலோ இரும்புக் குண்டைத் தோள் உயரத்துக்கு மேலிருந்து வீசுகிறார்கள். அதனாலும், தாழ்ந்த சாய்வில் கைக்கு அதிக பலம் கிடைப்பதாலும், அவர்கள் கோணம் பெரும்பாலும் 40-க்குள் அடங்கிவிடும். காகிதப் பந்தை எறிந்தால் காற்றும் குறுக்கே நின்று கணக்கை மாற்றும்.

இதையெல்லாம் குழந்தை தன் கையெழுத்திலேயே எழுதட்டும். எழுத்து கோணல்மாணலாக இருந்தாலும் பாதகமில்லை. கண்காட்சியில் உபாத்தியாயர், "இங்கே ஏன் 181 வந்தது?" என்று கேட்டால், பதில் சொல்ல அது உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டியிராது. நீங்களும் அன்றிரவு பத்து மணிக்கே நிம்மதியாகப் படுக்கப் போகலாம்!