திருவண்ணாமலைப் புகைவண்டி நிலையம்

விழுப்புரத்தில் தொடங்கும் ஓர் இருப்புப்பாதை மேற்கே சென்று, பின்னர் வடக்கே திரும்பிக் காட்பாடியை அடைகின்றது. அதன் நீளம் 161 கிலோமீட்டர். அப்பாதையில், விழுப்புரத்திலிருந்து எழுபது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தொலைவில் அமைந்திருப்பது திருவண்ணாமலை நிலையம். 1890களின் தொடக்கத்தில் தென்னிந்திய இரயில்வேயின் வண்டிகள் இவ்வழியே ஓடத் தொடங்கின. அதற்கு முன்னர், அண்ணாமலையாரை வழிபட வருவோர் மாட்டுவண்டியிலோ கால்நடையாகவோதான் வந்தாக வேண்டும்.

பாதை அமைந்த செய்தி நாடெங்கும் உடனே பரவிவிடவில்லை. மதுரையில் கல்வி பயின்று வந்த வேங்கடராமன் என்னும் பதினாறு வயது மாணவர், 1896ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 29ஆம் நாள் திருவண்ணாமலைக்குப் புறப்பட்டார். அவர் பார்த்த நிலப்படம் பழையது. புதிய பாதை அதில் இல்லை. ஆதலின் திண்டிவனமே அண்மையிலுள்ள நிலையம் என்று எண்ணி, 2 ரூபாய் 13 அணா கொடுத்து அவ்வூருக்குச் சீட்டு வாங்கினார். விழுப்புரத்தில் வண்டி மாறினால் திருவண்ணாமலைக்கே செல்லலாம் என்பதை உடன் பயணம் செய்த மௌலவி ஒருவர் சொல்லித்தான் அவர் அறிந்தார். கையில் எஞ்சியிருந்த சில அணாக்கள் மாம்பழப்பட்டு வரையில்தான் போதுமானவையாக இருந்தன. அங்கிருந்து நடந்து, வழியில் தம் கடுக்கனை அடகு வைத்துப் பணம் பெற்று, திருக்கோவிலூரில் மீண்டும் வண்டியேறிச் செப்டம்பர் முதல் நாள் காலை திருவண்ணாமலையில் இறங்கினார். இரமண மகரிஷி என்று பின்னாளில் உலகம் போற்றியவர் அவரே. பழைய நிலப்படம் ஒன்று அவருக்குப் பல கல் தொலைவு நடையைத் தந்துவிட்டது எனலாம்.

முதலில் அமைந்தது மீட்டர் பாதை. அதாவது, தண்டவாளங்கள் இரண்டிற்கும் இடைவெளி ஒரு மீட்டர். அகலப்பாதையில் அவ்விடைவெளி 1,676 மில்லிமீட்டர். குறுகிய பாதையை அமைக்கச் செலவு குறைவு. வளைவுகளிலும் அது எளிதாகத் திரும்பும். ஆனால், அச்சிக்கனத்திற்கு வேறொரு வகையில் விலை கொடுக்க வேண்டியிருந்தது. காட்பாடி வழியே செல்லும் சென்னைப் பெரும்பாதை அகலமானது. ஒரு பாதையின் வண்டி மற்றொன்றில் ஓடாது. ஆகவே, அங்கே பயணிகள் இறங்கி வேறு வண்டி ஏறவேண்டும். சரக்கையோ ஒரு வண்டியிலிருந்து இறக்கி மற்றொன்றில் ஏற்ற வேண்டும். மூட்டைகள் சிதைவதும் நாட்கள் கழிவதும் இதனால் நேர்ந்தன.

இக்குறையைப் போக்க, 2007ஆம் ஆண்டளவில் வண்டிகள் நிறுத்தப்பட்டு, பாதையை அகலப்படுத்தும் பணி நடைபெற்றது. 2010இல் அகலப்பாதை பயன்பாட்டிற்கு வந்தது. பணி முடிந்தும், முன்பு விழுப்புரம் வழியாகச் சென்னைக்கு ஓடிய பயணிகள் வண்டி திரும்பவில்லை. திருவண்ணாமலை 1989 முதல் மாவட்டத் தலைநகராக விளங்குவது. அத்தகைய நகரின் மக்கள், மாநிலத் தலைநகருக்கு நாள்தோறும் செல்லும் எளிய வண்டி ஒன்று வேண்டுமென்று பல ஆண்டுகள் கேட்டு வந்தனர்.

2024ஆம் ஆண்டு மே 2ஆம் நாள் அது கிடைத்தது. சென்னைக் கடற்கரைக்கும் வேலூர்க் கன்டோன்மென்டுக்கும் இடையே ஓடிய மின்தொடர் வண்டி திருவண்ணாமலை வரை நீட்டிக்கப்பட்டது. 1931 முதல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே ஓடி வரும் புறநகர் மின்வண்டிகளின் இனத்தைச் சேர்ந்தது இது. இதனை இழுக்கத் தனி எஞ்சின் தேவையில்லை. சில பெட்டிகளின் அடியிலேயே மின்பொறிகள் பொருத்தப்பட்டுள்ளன. மேலே செல்லும் கம்பியிலிருந்து மின்சாரம் பெற்று அவை சக்கரங்களைச் சுழற்றுகின்றன. ஆதலால், வண்டி நின்ற இடத்திலிருந்து விரைவாக வேகம் பெறும். சிற்றூர் நிலையம்தோறும் நின்று செல்வதற்கு இதுவே ஏற்றது. இருமுனையிலும் ஓட்டுநர் அறை இருத்தலின், கடைநிலையத்தில் எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்டும் வேலையும் இல்லை.

தொடக்கத்தில் வகுத்த கால அட்டவணைப்படி, அவ்வண்டி மாலை 6 மணிக்குச் சென்னையை விட்டு நள்ளிரவு 12.05க்குத் திருவண்ணாமலை சேரும். விடியற்காலை 4 மணிக்குப் புறப்பட்டுக் காலை 9.50க்குச் சென்னைக் கடற்கரையை அடையும். அரக்கோணம், காட்பாடி என்று சுற்றிச் செல்வதால் ஏறத்தாழ ஆறு மணி நேரம் ஆகின்றது. நாள்தோறும் சென்று திரும்பும் அலுவலர்க்கு இது ஒவ்வாது. ஆயினும், கட்டணம் அப்பொழுது 50 ரூபாய்தான். பேருந்துக் கட்டணத்தினும் மிகக் குறைவு. மருத்துவமனைக்கோ வழக்குமன்றத்திற்கோ செல்லும் ஏழை உழவர் ஒருவர், பகலில் தம் வேலையை முடித்துக்கொண்டு அன்றிரவே ஊர் திரும்ப இவ்வண்டி துணை செய்தது. திண்டிவனத்திலிருந்து நேரே வரும் பாதை ஒன்று அமையின் தொலைவு குறையும். அதற்கு ஒப்புதல் கிடைத்தும், 2024 வரை அது நிறைவுறவில்லை.

நிலையத்தின் உண்மையான சோதனை முழுமதி நாட்களிலும் கார்த்திகைத் தீபத்தன்றுமே நிகழ்கின்றது. மலையைச் சுற்றியுள்ள பாதை ஏறத்தாழ 14 கிலோமீட்டர். அன்பர்கள் பகலெல்லாம் சிறுசிறு கூட்டமாக வந்து இறங்குவர். ஆனால், தீபம் கண்டு வலம் முடித்தபின் ஒரே இரவில் ஊர் திரும்ப விரைவர். இதற்காகவே சிறப்பு வண்டிகள் விடப்படுகின்றன. நடந்த களைப்பில் நடைமேடையிலேயே துண்டு விரித்து உறங்குவோரும் உண்டு. தம் வண்டி வந்ததும் அருகிலிருப்போர் அவர்களைத் தட்டி எழுப்புவர்.