நாகம் கக்குவது

வயதேறிய நாகத்தின் நஞ்சு இறுகி மாணிக்கமாகும், இருட்டில் அதைக் கக்கி வைத்துவிட்டு அந்த வெளிச்சத்தில் அது இரை தேடும் என்பது நம் பாட்டிமார் சொல்லிவந்த கதை. அந்த மாணிக்கத்தைக் கண்டவர் யாருமில்லை. ஆனால் பாம்பு கக்கிப் போட்ட எலியையும் தவளையையும் முட்டையையும் யாழ்ப்பாணத்துக் கிணற்றடிகளிலும் கோழிக்கூட்டடிகளிலும் கண்டவர்கள் ஏராளம். அருவருத்து மண்வெட்டியால் தள்ளிவிடுகிறோம். மாணிக்கத்தைவிட வியப்பான செய்தி அதில்தான் இருக்கிறது.

மாரிமழை தொடங்கி, தோட்டங்களில் தண்ணீர் நிற்கும் நாட்களில் எலிகள் மேட்டு வளவுகளுக்கு ஏறும். அவற்றின் பின்னே சாரையும் வரும். எலியை விழுங்கிவிட்டு வேலியடியில் அசையாமல் கிடக்கும் சாரையை நாய் கண்டு குரைக்கிறது, பெடியள் தடியோடு ஓடி வருகிறார்கள். அப்போது வயிற்றின் புடைப்பு மெல்ல முன்னோக்கி நகரும். கழுத்து வீங்கும், வாய் அகலத் திறக்கும், வாலில் தொடங்கி எலி வெளியே வந்து விழும். அடுத்த கணம் பாம்பு வேலிக்கு அப்பால். தன் எடையில் கால்வாசி பாரத்தைச் சுமந்துகொண்டு அதனால் விரைந்து ஓட முடியாது. உயிரா உணவா என்று வந்தால் அது உணவை விடும்.

விழுந்த எலியைக் குனிந்து பாருங்கள். கோழையில் நனைந்த மயிர் உடலோடு ஒட்டிப் படிந்திருக்கும். பாம்பு பெரும்பாலும் எலியைத் தலைப்பக்கமாகவே விழுங்கும். அப்படிச் செய்தால் கால்களும் மயிரும் பின்னோக்கி மடிந்து தொண்டையில் தடங்காமல் போகும். ஆகவே இரைப்பையில் முதலில் போய்ச் சேர்வதும் முதலில் கரைவதும் தலைதான். முகம் அப்படியே இருந்தால் இப்போதுதான் விழுங்கியது. மூக்குத் தோல் உரிந்து எலும்பு தெரிந்தால் விழுங்கி நெடுநேரம் ஆகிவிட்டது.

பாம்பு பயத்தில் மட்டும் கக்குவதில்லை, குளிரிலும் கக்கும். காரணம் எளிது. மெல்லும் பற்கள் அதற்கு இல்லை. எலி தோலும் மயிருமாக முழுசாய் உள்ளே போகிறது. செத்த எலியின் குடலில் இருக்கும் பக்டீரியாக்கள் சாகவில்லை. வெளிப்புறத்திலிருந்து பாம்பின் அமிலம் எலியைக் கரைக்கிறது, உட்புறத்திலிருந்து பக்டீரியா அதை அழுகச் செய்கிறது. இரண்டில் எது முந்துகிறது என்பதில்தான் பாம்பின் உயிர் தங்கியிருக்கிறது. தன் உடலில் போதிய சூடு உண்டாக்கிக்கொள்ள முடியாத பிராணி அது, வெயிலையும் சூடேறிய மண்ணையுமே நம்பியிருக்கிறது. 30 பாகை செல்சியஸ் அளவில் செரிமானம் முந்திவிடும். நன்றாகக் குளிர்ந்தால் அழுகல் முந்தும். அப்போது கக்குவது பிழையல்ல, தற்காப்பு. இரை எடுத்த பாம்பு சூடான இடம் தேடிச் சுருண்டு கிடப்பதும் இதனால்தான்.

இந்தச் செரிமானத்தை அமெரிக்க ஆய்வாளர்கள் ஸ்டீபன் சீகோரும் ஜாரெட் டயமண்டும் 1990களில் பர்மிய மலைப்பாம்புகளில் ஆராய்ந்தார்கள். நாம் எந்நேரமும் தணலோடு வைத்திருக்கும் அடுப்பை, மலைப்பாம்பு உண்ணாத நாட்களில் முற்றாக அணைத்துவிடுகிறது. பட்டினி கிடக்கும்போது அதன் இரைப்பையில் அமிலமே சுரப்பதில்லை. இரை உள்ளே போய் ஒரு நாளுக்குள் கடும் அமிலம் நிறைகிறது. சிறுகுடலின் எடை ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. மிகப் பெரிய இரையானால் உடலின் ஆற்றல் செலவு 40 மடங்குவரை ஏறுகிறது. இதயத்தின் கீழறை இரண்டே நாளில் 40 சதவீதம் பருக்கிறது என்று 2005இல் வெளியான ஆய்வு காட்டியது. செரித்து முடிந்ததும் எல்லாம் பழையபடி சுருங்கிவிடும். இத்தனை செலவில் மூட்டிய அடுப்பை நடுவில் குலைத்தால் பாம்புக்கு எவ்வளவு இழப்பு!

கூண்டில் பாம்பைப் பராமரிப்பவர்கள் இதையெல்லாம் நாளாந்த வேலையாகவே தெரிந்து வைத்திருக்க வேண்டும். வெங்கிணாந்தி என்று நாம் சொல்லும் மலைப்பாம்பு இலங்கையில் சட்டம் காக்கும் உயிர், வீட்டில் வைத்து வளர்ப்பதற்கானதல்ல. தெகிவளை மிருகக்காட்சிச்சாலையிலும் சென்னை கிண்டிப் பாம்புப் பண்ணையிலும் போய்ப் பார்க்கலாம். கனடா, இங்கிலாந்து போன்ற நாடுகளில் ஆபிரிக்கப் பந்து மலைப்பாம்பை வீட்டில் வளர்ப்பார்கள். உறையவைத்த எலியை முழுதாக இளக்கி, வெந்நீரில் சூடேற்றி, நீண்ட இடுக்கியால் நீட்டுவார்கள். மலைப்பாம்பின் உதட்டுக் குழிகள் சூட்டை உணர்வன, குளிர்ந்த எலி அதற்கு இரையாகவே படாமல் போகலாம்.

பாம்பு இரையைச் சும்மா மறுப்பதில்லை. தோல் உரிக்கும் காலத்தில் கண்ணில் வெண்படலம் விழுந்திருக்கும், பார்வை மங்கியிருக்கும். சினையாக இருக்கலாம், இடம் புதிதாக இருக்கலாம், கூண்டு குளிர்ந்திருக்கலாம். வளர்ந்த மலைப்பாம்பு மாதக்கணக்கில் உண்ணாமல் தாங்கும். ஆகவே இரவு வைத்த எலி விடியும்வரை கிடந்தால் எடுத்து அப்புறப்படுத்த வேண்டும். திரும்ப உறையவைக்கவோ, நோய் தொற்றுமென்பதால் அடுத்த கூண்டுப் பாம்புக்குக் கொடுக்கவோ கூடாது. உயிருள்ள எலியை விட்டுவைப்பது எல்லாவற்றிலும் கொடுமை. பசித்த எலி, மறுத்துக் கிடக்கும் பாம்பின் முதுகைக் கடித்துக் குதறிவிடும். விழுங்கியதைப் பாம்பு கக்கியிருந்தால் உடனே இன்னொரு எலியை நீட்டக் கூடாது. அமிலம் பட்டுத் தொண்டை புண்ணாகியிருக்கும், உடலில் நீரும் குறைந்திருக்கும். தண்ணீர் வைத்து, சூட்டைச் சரிபார்த்து, பத்துப் பதினைந்து நாள் விட்டுச் சிறிய இரையில் தொடங்குவதே முறை.

நயினாதீவு நாகபூசணி அம்மனையும் நாகர்கோவில் நாகதம்பிரானையும் வணங்கும் மண் இது. புற்றடியில் பாலும் முட்டையும் வைக்கிறோம். முட்டை நாகத்துக்குப் பிடித்த இரைதான். அடைக்கோழிக்குக் கீழிருந்து எடுத்து விழுங்கிய முட்டைகளை, பிடிபட்டதும் ஒவ்வொன்றாக உடையாமல் கக்கும். பால் அதன் உணவல்ல. வாடிக்கையாகப் பால் குடிப்பதாகப் பாம்பாட்டிகள் காட்டுபவை நாட்கணக்காகத் தண்ணீர் காணாத பாம்புகள். அன்போடு வைக்கும் அந்தப் பாத்திரத்தில் பாலுக்குப் பதில் தண்ணீர் இருந்தால், கோடையில் காய்ந்து கிடக்கும் தீவகத்தில் நாகத்துக்கும் அணிலுக்கும் குருவிக்கும் அது உதவும்.

உங்கள் வளவில் பாம்பு இரையைக் கக்கிவிட்டு ஓடினால் பின்னால் துரத்தாதீர்கள். நாயைக் கட்டிவையுங்கள். கக்கியதை வெறுங்கையால் தொடாமல் மண்வெட்டியால் எடுத்து, கோழி கிளறாத ஆழத்தில் புதைத்து, கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். சாரைக்கு வயிறு வெறுமையாகிவிட்டது. வெங்காயத் தோட்டத்து எலிகளைத் தேடி அது மறுபடி புறப்படும்.