நுரை நின்றால் கெட்டுப்போனதாக அர்த்தமா?

புளிப்பின் கதை – 14

லீட்ஸில் வேலை பார்க்கும் அக்கா மகன் போன வாரம் கூப்பிட்டான். வாழ்க்கையில் முதல் தடவையாக வீட்டிலேயே பீர் போட்டிருக்கிறான். "மாமா, ஈஸ்ட் போட்டு ஒரு ராத்திரி முழுசா ஆச்சுங்க. ஒரு குமிழிகூட வரலீங்க. ஊத்திறட்டுங்களா?"

மல்லசமுத்திரத்துப் பையன். பிரிட்டனில் சொந்த உபயோகத்துக்கு வீட்டில் பீர் போட 1963 முதல் உரிமம் வேண்டியதில்லை. நம்மூரில் அதையே செய்தால் மதுவிலக்குச் சட்டத்தில் வழக்கு. எனவே வாசகர்கள் இதைச் செய்முறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்; பாத்திரத்துக்குள் என்ன நடக்கிறது என்று மட்டும் பார்ப்போம்.

அவனுடைய அவசரம் கள்ளைப் பற்றிக் கேட்டு வளர்ந்த அவசரம். விடியலில் இறக்கிய முட்டி வெயில் ஏறுவதற்குள் நுரைத்து வழியும் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறான். அது உண்மைதான். சீவிய பாளையிலிருந்து சொட்டும் சாற்றில் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு சர்க்கரை இருக்கும். காற்றிலும் பாளையிலும் இருக்கிற ஈஸ்ட், பாக்டீரியா எல்லாம் அதில் விழும். போதாததற்கு நேற்றைய கள்ளின் மிச்சம் முட்டியின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். சேலத்து வெயில் வேறு. முட்டி மரத்தில் தொங்கும்போதே வேலை தொடங்கிவிடும். மறுநாள் வரை விட்டால் புளித்து, வினிகர் பக்கம் போய்விடும். இதைத் தடுக்கத்தான் பதநீர் இறக்குகிறவர்கள் முட்டிக்குள் சுண்ணாம்பு தடவுகிறார்கள். அந்தக் காரத்தில் நுண்ணுயிர்களுக்குப் பிழைப்பில்லை.

பீர் இதற்கு நேரெதிர். முளைகட்டிய பார்லியை ஊறவைத்து வடித்த இனிப்புக் கஞ்சியை ஹாப்ஸ் போட்டுக் கொதிக்க வைக்கிறார்கள். இருந்த உயிர் எல்லாம் அதிலேயே செத்துப்போகும். ஆறிய பிறகு, பொறுக்கி எடுத்த ஒரே ஒரு வகை ஈஸ்டை விடுகிறார்கள். இப்படி ஒற்றை ஈஸ்டைப் பிரித்தெடுத்து வளர்க்கும் வித்தையை 1883-இல் கோபன்ஹேகனில், கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் காட்டிக்கொடுத்தார். புது இடத்துக்கு வந்த ஈஸ்ட் முதலில் அங்கிருக்கும் ஆக்ஸிஜனை எடுத்துக்கொண்டு தன் கூட்டத்தைப் பெருக்குகிறது. அதற்கு அரை நாளும் ஆகலாம், இரண்டு மூன்று நாளும் ஆகலாம். அதுவரை மேலே ஒன்றும் தெரியாது. "மூடியத் தொறந்து தொறந்து பாக்காத. ஊத்தறத நாளைக்கு யோசிக்கலாம்" என்றேன்.

மறுநாள் படம் அனுப்பினான். நாலு விரல்கடை உயரத்துக்கு நுரை; அதன்மேல் பழுப்புத் திட்டுகள்; வாளியின் விளிம்பில் பிசின் மாதிரி ஒரு வளையம். பார்க்க அசிங்கம், ஆனால் ஆரோக்கியம். இந்தக் கட்டத்தில் சில ஈஸ்டுகள் அழுகிய முட்டை வாடைகூட விடும், அதுவும் தானாகப் போய்விடும். இருபது லிட்டர் பீர் ஐந்து சதவீதச் சாராயத்துக்கு வருவதற்குள் ஏறக்குறைய 400 லிட்டர் கரியமில வாயு வெளியேறும். வாயு போக வழி வைக்காமல் இறுக்கி மூடியவர்கள் கூரையைக் கழுவ வேண்டியதுதான்.

கவனிக்க வேண்டியது சூட்டை. ஏல் வகை ஈஸ்டுக்கு இருபது டிகிரி போதும். வேலை மும்முரமாக நடக்கும்போது அதுவே பாத்திரத்தைச் சுற்றுப்புறத்தைவிடச் சில டிகிரி சூடாக்கிவிடும். சித்திரை மாதத்து மல்லசமுத்திரத்தில் வைத்தால் சாராய நெடிதான் மிஞ்சும். வெள்ளைக்காரர்கள் கசௌலி, ஊட்டி என்று குளிர்ந்த மலைகளைத் தேடிப்போய் பீர் ஆலை வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

சமவெளிக்குக் கள்தான் தோது. ஆனால் மதுவிலக்கு முதலில் வந்ததும் இந்தச் சமவெளிக்குத்தான். திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் 1925-இல் காந்தி ஆசிரமம் தொடங்கிய ராஜாஜி, மதுவிலக்குக்கென்றே 'விமோசனம்' என்ற பத்திரிகையை அங்கிருந்து நடத்தினார். துணைக்கு இருந்தவர் கல்கி. சென்னை மாகாணப் பிரதமரானதும், 1937 அக்டோபர் 1 அன்று, மாகாணத்திலேயே முதலாவதாகச் சேலம் மாவட்டத்தில் கடைகளை மூடினார். மல்லசமுத்திரமும் அன்று அந்த மாவட்டம்தான். விழுந்த வருமானப் பள்ளத்தை அடைக்க 1939-இல் விற்பனை வரி வந்தது. குடிக்காதவனும் சேர்ந்து கட்டிய வரி! பிறகு கடைகள் திறந்தன, மூடின. 1987 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை. முட்டி நுரைப்பதை என் அக்கா மகன் கண்ணால் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை.

ஐந்தாம் நாள் மறுபடி போன். "மாமா, நுரை அமுங்கிப்போச்சுங்க. பாட்டில்ல அடைச்சறட்டுங்களா?" புதிதாகப் போடுகிறவர்கள் ஏமாறுகிற இடம் இதுதான். நுரை அமுங்கினாலும் ஈஸ்டுக்கு வேலை பாக்கி இருக்கும். வரும் வழியில் அது விட்ட வெண்ணெய் வாடைப் பொருளை அதுவே திரும்ப எடுத்துக்கொள்ளும் நாட்கள் இவை. கண்ணை நம்பக் கூடாது, அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரை நம்ப வேண்டும். தொடக்கத்தில் 1.048 காட்டியது 1.010 பக்கம் இறங்கி, இரண்டு மூன்று நாள் விட்டுப் பார்த்தாலும் அதே எண் நின்றால் முடிந்தது. அதற்குமுன் அடைத்தால் மீதிச் சர்க்கரை பாட்டிலுக்குள் புளித்துக் கண்ணாடியே வெடிக்கும்.

பாட்டிலில் கொஞ்சம் சர்க்கரை சேர்த்து அடைப்பார்கள். பீரில் தங்குகிற வாயு அதிலிருந்து வருவதுதான். இரண்டு வாரம் ஆனதும் குளிரவைத்து, சாய்த்து மெதுவாக ஊற்ற வேண்டும். அடியில் ஒரு விரல்கடை வண்டலை அப்படியே விட்டுவிடச் சொல்லியிருக்கிறேன். அதையும் சேர்த்துக் குடித்தால் ராத்திரி முழுக்க வயிறு உப்பும்.