‘கூப்பிடுறோம், போயிட்டு வாங்க’

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்கு பஸ்ஸில் அரை மணி நேரம்தான். பி.காம். முடித்த என் தங்கை மகள், ஒரு மில்லின் கணக்குப் பிரிவு வேலைக்காக மூன்று முறை போய் வந்தாள். முதல் நாள், “மேனேஜர் வெளியே போயிருக்கார், நாளைக்கு வாங்க.” இரண்டாவது நாள் பத்து நிமிட இன்டர்வியூ, டேலி பற்றி ஒரு கேள்வி, “கல்யாணம் எப்போ?” என்று இரண்டு கேள்வி. மூன்றாவது நாள், சரிபார்க்க வேண்டும் என்று அசல் மதிப்பெண் பட்டியல்களை வாங்கி வைத்துக்கொண்டு, “கூப்பிடுறோம், போயிட்டு வாங்க” என்றார்கள்.

இரண்டு மாதம் ஓடிவிட்டது. போன் செய்தால், “சார் மீட்டிங்ல இருக்கார்.” எங்கள் பக்கத்தில் ‘கூப்பிடுறோம்’ என்றால் ‘இல்லை’ என்று அர்த்தம். படித்துவிட்டு முதல் வேலை தேடும் பிள்ளைகளுக்கு அது தெரியாது.

இதற்குச் சட்டம் உண்டா என்று கேட்டாள். கசப்பான பதில்தான். நேர்முகத் தேர்வுக்கு வந்தவருக்கு முடிவைச் சொல்லியே ஆக வேண்டும் என்று தனியார் நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தும் சட்டம் இந்தியாவில் இல்லை. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் உண்டு: 2026 ஜனவரி 1 முதல், 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள், நேர்காணல் முடிந்த 45 நாளுக்குள் முடிவைத் தெரிவிக்க வேண்டும். இங்கே அந்த மௌனத்தைத் தட்டிக்கேட்க வழியில்லை. ஆனால், மௌனத்தோடு சேர்த்துச் செய்கிற மற்ற காரியங்களைக் கேட்க வழி இருக்கிறது.

முதலில் அந்த மதிப்பெண் சான்றிதழ். அது உங்கள் உடைமை. வேலைக்கே எடுக்காத ஒருவர் அதைப் பிடித்து வைக்கச் சட்டத்தில் இடமில்லை. உண்மையில், வாங்கும்போதே தடுத்திருக்க வேண்டும்: அசலைக் காட்டுங்கள், நகலைக் கொடுங்கள். கொடுத்தே தீர வேண்டும் என்றால், இன்னின்ன சான்றிதழ் பெற்றுக்கொண்டோம் என்று தேதி, கையெழுத்தோடு ஒரு ரசீது. மே மாதத்தில் ஆசிரியர் வேலைக்காகத் தனியார் பள்ளிகளில் டெமோ வகுப்பு எடுக்கப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் மனதில் வைக்க வேண்டும். ரசீது இல்லாவிட்டாலும் வழி அடைபடவில்லை. இன்ன தேதியில் கொடுத்தேன், இத்தனை நாளுக்குள் திருப்பித் தாருங்கள் என்று ஒரு கடிதம் எழுதி, ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் அசையாவிட்டால் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். அல்லது ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமல் அங்கே இலவச உதவி உண்டு. உதவி எண் 15100.

எங்கள் வீட்டில் கடிதம் போன ஒன்பதாம் நாள் கூரியரில் சான்றிதழ் வந்தது. உள்ளே ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை!

‘கல்யாணம் எப்போ’ என்பது வெறும் வம்பு என்று நினைக்க வேண்டாம். 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, ஆள் எடுப்பதில் பாலினப் பாகுபாடு கூடாது என்கிறது. நிரூபிப்பது கடினம்தான். பேச்சு அத்துமீறினால் 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அங்கே வேலை பார்ப்பவராக இருக்க வேண்டியதில்லை, இன்டர்வியூவுக்குப் போனவரும் மூன்று மாதத்துக்குள் புகார் தரலாம். பத்துப் பேருக்குக் குறைவான இடம் என்றாலோ, முதலாளி மீதே புகார் என்றாலோ, மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவுக்கு எழுத வேண்டும்.

வேலை உறுதி என்று கடிதமோ மின்னஞ்சலோ கொடுத்து, நீங்களும் சம்மதம் அனுப்பிய பிறகு பின்வாங்கினால் கதை வேறு. அது ஒப்பந்தம், 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி இழப்பீடு கேட்கலாம். அதை நம்பிப் பழைய வேலையை விட்டவர்களுக்கு இது முக்கியம். வாய்வார்த்தையில் சொன்னதை அன்றைக்கே வாட்ஸ்அப்பில், “இன்று நீங்கள் சொன்னபடி ஒன்றாம் தேதி வருகிறேன் சார்” என்று அனுப்பி வையுங்கள். அந்த ஒரு வரி பின்னால் சாட்சியாகும். ‘ட்ரையல்’ என்று நாலு நாள் வேலை வாங்கினால், அந்த நாலு நாளைக்கும் கூலி கேளுங்கள்.

அரசு வேலை என்றால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணத்தில் உங்கள் மதிப்பெண்ணையும், தேர்வு எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும்.

பணம் கேட்டால் மட்டும் யோசிக்கவே வேண்டாம், எழுந்து வந்துவிடுங்கள். பதிவுக் கட்டணம், யூனிபார்ம் பணம், டெபாசிட் என்று பெயர் எதுவானாலும் சரி. ஆன்லைனில் அனுப்பி ஏமாந்திருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குச் சொல்லுங்கள். தாமதித்தால் பணம் கைமாறிப் போய்விடும். வெளிநாட்டு வேலையா? மத்திய அரசில் பதிவு பெற்ற முகவரா என்று பாருங்கள். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று போன தமிழ் இளைஞர்கள் 2022-இல் மியான்மரின் மியாவாடியில் சிக்கித் தவித்ததை மறந்துவிடக் கூடாது.

ஆள் எடுக்கும் மில் அலுவலகங்களுக்கும் பள்ளித் தாளாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ‘இந்த முறை உங்களை எடுக்கவில்லை’ என்று ஒரு வரி வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அந்தப் பிள்ளை அடுத்த பஸ்ஸைப் பிடித்து வேறு இடத்துக்குப் போகட்டும்.